24 லட்சமா, 30 லட்சமா, 8,500 வெள்ளியா: கையில் எது மிஞ்சும்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் கிளவுட் பொறியாளராக (இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் நிறுவனங்களின் மென்பொருளை இயக்குபவராக) ஆறு ஆண்டு அனுபவம், ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய். பெங்களூரிலிருந்து 30 லட்சத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மாதம் 8,500 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, இன்னொன்று. மனைவி ஒரு தனியார் கல்லூரியில் 45,000 ரூபாய்க்கு விரிவுரையாளர். மூன்று வயதில் மகள். தாம்பரத்தில் பெற்றோர் வீட்டில் குடியிருப்பு, வாடகை இல்லை. "ஊருக்கு ஊர் சம்பளம் மாறுவது விலைவாசியால்தானே? வரியும் செலவும் போனால் எங்கே அதிகம் மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சம்பளம் ஏன் மாறுகிறது என்பது ஒன்று, உங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்பது மற்றொன்று. பலர் முதல் கேள்விக்குத் தவறான விடையை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கணக்குப் போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதினேழு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். அதில் கடைசி எட்டு ஆண்டுகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கு என்ன சம்பளம் சொல்வது என்று முடிவாகும் அறை எனக்குப் பழக்கம். அங்கே ஒருமுறைகூட "அந்த ஊரில் அரிசி என்ன விலை, வாடகை என்ன" என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இதே ஆளை இதே ஊரில் வேறு யார் எடுக்க வருவார்கள், அவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள்? விலைவாசி இந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கோ தொலைவில் நிற்கிறது. ஒரு ஊரில் வாழ்வது மிகக் கடினமானால் ஆட்கள் அங்கே வர மறுப்பார்கள், அப்போது சம்பளம் ஏறும். அந்த வழியில் மட்டுமே விலைவாசிக்குப் பேச்சு உண்டு.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையில் வீட்டு வாடகை பெங்களூரைவிட அதிகம். ஆனால் கிளவுட் பொறியாளருக்கு மும்பையில் பெங்களூரைவிட அதிகச் சம்பளம் என்று ஒரு நிலை உருவாகவில்லை. ஹைதராபாத்தில் வாடகை மும்பையைவிட நன்றாகக் குறைவு, சம்பளமோ பெங்களூரைத் தொட்டு நிற்கிறது. காரணம், பெரிய நிறுவனங்களின் பொறியியல் குழுக்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அடர்ந்து கிடக்கின்றன, ஒன்றிடமிருந்து ஒன்று ஆள் பறிக்கின்றன. சென்னையிலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக உலகளாவிய திறன் மையங்கள், அதாவது வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்கென இங்கே நடத்தும் அலுவலகங்கள், பெருகிய பிறகு இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. முற்றிலும் மூடிவிடவில்லை.

கிளவுட் சர்வர்கள் இருக்கும் தரவு மையம் எங்கே இருக்கிறதோ அங்கே சம்பளமும் இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஷ்யூரின் தென்னிந்திய மையம் 2015 முதல் சென்னையில் இயங்குகிறது. அமேசானின் மும்பை மையம் 2016-லும் ஹைதராபாத் மையம் 2022-லும் வந்தன. கட்டடம் முழுக்கச் சர்வர்கள் நிறைந்திருக்கும் அந்த இடங்களில் வேலை செய்வோர் எண்ணிக்கை மிகக் குறைவு. அவர்கள் செய்வது மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள் மாற்றுதல் போன்ற வேலை. நீங்கள் செய்யும் வேலைக்கு அந்தக் கட்டடத்தின் முகவரி எந்த வகையிலும் பொருட்டல்ல.

அமெரிக்காவில் 2020-ல் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் பொறியாளர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கை விட்டுச் சொந்த ஊர்களுக்குப் போனார்கள். இடத்துக்கு ஏற்பச் சம்பளம் மாறும் என்று ஃபேஸ்புக் அறிவித்தது. விஎம்வேர் நிறுவனத்தில் அங்கிருந்து டென்வருக்குப் போனவர்களுக்கு 18 சதவீதம் வரை குறையும் என்று செய்தி வந்தது. ஸ்ட்ரைப் நிறுவனம் போகிறவர்களுக்கு 20,000 டாலரை ஒரே தடவையாகக் கொடுத்து, சம்பளத்தில் 10 சதவீதம் வரை குறைத்தது. வேலை மாறவில்லை, திறன் மாறவில்லை, வாடிக்கையாளர் மாறவில்லை. மாறியது, அந்த ஆளைச் சுற்றியிருந்த போட்டி மட்டுமே. கிட்லேப் நிறுவனம் தன் ஊதியக் கணக்கை நெடுநாள் வெளிப்படையாகவே வைத்திருந்தது. தாங்கள் பார்ப்பது உள்ளூர் சந்தை விலையை, வாழ்க்கைச் செலவை அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். மறுபக்கம், 37சிக்னல்ஸ் போன்ற ஒரு சிறு நிறுவனம் ஆள் எங்கே இருந்தாலும் சான் ஃபிரான்சிஸ்கோ சந்தையை அளவுகோலாக வைத்துக் கொடுக்கிறது. இரண்டும் சாத்தியமே. நீங்கள் எந்த வகை நிறுவனத்திடம் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை ஒட்டி ஒன்று. ஊரைவிட நிறுவனத்தின் வகை அதிகம் பேசும். ஒரே சென்னையில், வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் சேவை நிறுவனத்தில் கிளவுட் பராமரிப்பு செய்பவருக்கும், சொந்தத் தயாரிப்பு உள்ள நிறுவனத்தில் தளத்தையே கட்டி எழுப்புபவருக்கும் நான் பார்த்த ஊதிய இடைவெளி, சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. ஊர் மாறுவதற்கு முன் அதே ஊரில் நிறுவனம் மாறிப் பார்த்தீர்களா என்று உங்களைக் கேட்க விரும்புகிறேன்.

இனி வரி. இந்தியாவுக்குள் ஊர் மாறுவதால் வருமான வரி மாறாது. சம்பளத்தின் மீது மாநிலம் போடக்கூடியது தொழில் வரி மட்டும்தான். அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு அதை ஆண்டுக்கு 2,500 ரூபாயில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே "கர்நாடகத்தில் வரி அதிகம்" என்ற பேச்சைத் தள்ளிவிடுங்கள். பழைய வரிமுறையில் மட்டும் ஒரு வேறுபாடு இருந்தது. வீட்டு வாடகைப்படிக்குச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரை விலக்கு என்பதில் சென்னை 50 சதவீதப் பட்டியலில் இருந்தது, பெங்களூரு நீண்ட காலம் 40 சதவீதப் பட்டியலில் இருந்தது. புதிய வரிமுறையில் அந்த விலக்கே கிடையாது. உங்கள் சம்பளத்தில், வீட்டுக்கடனும் வாடகையும் இல்லாத நிலையில், புதிய முறைதான் உங்களுக்கு ஏற்றது.

2025 பட்ஜெட்டில் அறிவித்த புதிய முறை விகிதங்களைக் கொண்டு கணக்கிடுகிறேன். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் போக வருகிற மொத்தச் சம்பளமாக உங்கள் தொகைகளை எடுத்துக்கொள்கிறேன். 24 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 23.25 லட்சம். அதற்கு வரி, 4 சதவீத செஸ் சேர்த்து, 2,92,500 ரூபாய். 30 லட்சத்துக்கு அதே வழியில் 4,75,800 ரூபாய். பெங்களூரு நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கும் 6 லட்சத்தில் 1,83,300 ரூபாய் வரிக்கே போகிறது. மீதி 4,16,700, அதாவது மாதம் 34,700 ரூபாய் சொச்சம். "ஆறு லட்சம் அதிகம்" என்று வீட்டில் பேசும்போது இந்த 34,700-ஐத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 24 லட்சத்தைத் தாண்டிய வருமானத்துக்கு 30 சதவீதம் என்பதால், இனி வரும் ஒவ்வொரு உயர்விலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிவிட்டே பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்ன வரிக் கணக்கு உறுதியானது, யார் போட்டாலும் இதே விடைதான் வரும். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை பற்றி இனி சொல்லப்போவது என் மதிப்பீடு. பேட்டை மாறினால் அதுவும் மாறும்.

சென்னையில் உங்கள் மாதச் சம்பளம் 2,00,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று கொண்டால் பி.எஃப். பிடித்தம் 12,000, வரி 24,375, தொழில் வரி சில நூறு. கையில் வருவது ஏறக்குறைய 1,63,000. மனைவியின் 45,000 சேர்ந்தால் 2,08,000. வாடகை இல்லை. மகளைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவு 80,000 என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 1,28,000 மிஞ்சும். பி.எஃப்.-இல் உங்கள் பங்கும் நிறுவனப் பங்குமாக 24,000 தனியே சேரும்.

பெங்களூரில் மாதம் 2,50,000. வரி 39,650, பி.எஃப். 15,000, தொழில் வரி போகக் கையில் 1,95,000. ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 40,000 என்றும் பராமரிப்புக் கட்டணம் 5,000 என்றும் வையுங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்கான பணத்தைத் தனியே கேட்கும் குடியிருப்புகளும் உண்டு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழைய வழக்கம் இப்போது தளர்ந்திருக்கிறது, ஆனாலும் சில லட்சம் அங்கே முடங்கும். அதே 80,000 வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 70,000. மனைவிக்கு அங்கே இதே சம்பளத்தில் வேலை கிடைத்தால் 1,15,000. மகளுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டுமென்றால் அதிலும் குறையும். ஆக, உங்கள் குடும்ப நிலையில் 30 லட்சம், 24 லட்சத்தைவிடக் குறைவாக மிச்சம் வைக்கிறது. வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தனி ஆள் இதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழாகும். அவருக்குச் சென்னையிலும் வாடகை உண்டு, இழக்க இரண்டாவது சம்பளமும் இல்லை.

சிங்கப்பூர்க் கணக்கு இன்னும் கவனம் கேட்கிறது. மாதம் 8,500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 1,02,000 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் 71 லட்சம். உங்கள் நண்பர்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் உங்களை உசுப்பியிருப்பார்கள். அங்கே வரி உண்மையிலேயே குறைவு. வரிக் குடியாளராக, அதாவது வரிக் கணக்கில் அங்கே வசிப்பவராக, இருந்தால், 1,000 வெள்ளி கழிவு போக, ஆண்டு வரி 5,765 வெள்ளி, அதாவது ஆறு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டு மொத்தமாகக் கேட்பார்கள், அல்லது 12 தவணையாகக் கட்ட விடுவார்கள். முதல் ஆண்டில் முழுச் சம்பளத்தையும் கையில் பார்த்துச் செலவைப் பெருக்கிக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் திணறியவர்களை எனக்குத் தெரியும். நம் பி.எஃப். போன்ற அங்குள்ள மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் போகும் உங்களுக்கு அது கிடையாது. பிடித்தம் இல்லை என்பது கையில் அதிகம் வரச் செய்யும். ஆனால் நிறுவனம் உங்கள் பெயரில் ஓய்வுக்காலத்துக்கு ஒரு வெள்ளிகூடச் சேர்க்காது என்பதும் அதே விதியின் மறுபாதி.

மாத வரி 480 வெள்ளி போக 8,020. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மூவறை வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்தால் 3,000 வெள்ளியைச் சுற்றி வரும். மின்சாரம், தண்ணீர், இணையம், கைபேசி 300. மகளின் பாலர் பள்ளிக்கு 1,200 என்று வைக்கிறேன். வெளிநாட்டுக் குழந்தைக்கு மானியம் இல்லை. சாப்பாடு, ரயில், மருத்துவம், துணிமணி 1,300. ஆண்டுக்கு ஒருமுறை மூவரும் சென்னை வந்து போகும் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 150. மிஞ்சுவது 2,000 வெள்ளிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 1,45,000 ரூபாய். சென்னையில் கையில் மிஞ்சும் 1,28,000-உடன் பி.எஃப். 24,000-ஐச் சேர்த்தால் 1,52,000. எழுபத்தொரு லட்சமும் இருபத்துநான்கு லட்சமும் மாத முடிவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கக்கூடிய ஒரே பெரிய பொருள் உங்கள் மனைவியின் வேலை. மனைவியையும் குழந்தையையும் உடன் வைத்துக்கொள்வதற்கான சார்ந்திருப்போர் அனுமதிக்கு மாதம் 6,000 வெள்ளி சம்பளம் போதும், உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் 2021 மே மாதம் முதல் அந்த அனுமதியில் வருபவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். ஒரு கல்லூரி விரிவுரையாளருக்கு அது எளிதல்ல. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். கணவர் காலை எட்டு மணிக்குப் போய்விடுவார். படித்து, சம்பாதித்து, தன் பெயரில் ஒரு வாழ்க்கை வைத்திருந்த பெண் பதினோராம் மாடியில் ஒரு குழந்தையோடு தனியே இருப்பார். எந்த ஊதிய அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. 45,000 ரூபாய் என்பது 650 வெள்ளிதான் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். முடிவு எடுக்கும் பேச்சில் அவர் முதல் ஆளாக இருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் அவருடைய சம்பளம் இருந்தது, அவருடைய விருப்பம் இல்லை.

இதே வேலைக்கு மணமாகாத ஒருவர் போனால், ஓர் அறையை 1,200 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு, மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். மூன்றரை லட்சம் ரூபாய். அவருக்கு நான் இரண்டாவது யோசனையே இல்லாமல் போகச் சொல்வேன். ஒரே சம்பளம், ஒரே ஊர், ஒரே வரி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அத்தை மகன் "கலிஃபோர்னியாவில் பாதி வரிக்கே போகிறது, டெக்சஸ் வந்தால் தப்பலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரி உண்மையாகவே மாறுகிறது. டெக்சஸிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் அவரைப் போன்ற ஒரு பொறியாளரின் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவில் தனி ஆளுக்கு 70,000 டாலர் அளவிலேயே 9.3 சதவீத அடுக்கு தொடங்கிவிடுகிறது. ஊனக் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு இருந்த உச்சவரம்பும் 2024-ல் நீக்கப்பட்டது. அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் இருக்கும், வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் பகுதி கிளவுட் ஆட்களுக்கு நல்ல இடமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்: சம்பளம் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஒட்டி வருகிறது, மாநில வரி இல்லை. டெக்சஸ் விஷயம் வேறு. அங்கே சொத்து வரி கனமானது, வீடு வாங்கியவுடன் அது தெரியும். கலிஃபோர்னியாவிலோ மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 1978-இன் 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியின் அடிப்படையை ஒரு சதவீதத்திலும், மதிப்பு உயர்வை ஆண்டுக்கு 2 சதவீதத்திலும் கட்டி வைத்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு டெக்சஸ் தரும் நன்மை, வீடு வாங்கியவருக்குக் கணிசமாகக் குறைந்துவிடும்.

துபாய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே நான் ஆள் எடுத்ததில்லை, அதனால் சம்பள அளவு பற்றிப் பேச மாட்டேன். தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வேலை தருபவருக்கும் அது தெரியும், பேரம் பேசும்போதே அதை மனத்தில் வைத்துத்தான் தொகை சொல்வார்.

பங்குகளைச் சம்பளத்தின் பகுதியாகக் கொடுக்கிறார்களா என்று இரண்டு நிறுவனங்களிடமும் கேளுங்கள். இந்தியாவில் அவை உங்கள் கைக்கு வரும் நாளின் மதிப்பில் சம்பளமாகவே வரி விதிக்கப்படும், பிறகு விலை சரிந்தாலும் அந்த வரி திரும்பாது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் வெளிநாட்டவர் வேலையை விட்டு நாடு திரும்பும்போது, இன்னும் கைக்கு வராத பங்குகளையும் வந்ததாகக் கருதி வரி கேட்கும் விதி ஒன்று உண்டு. கிளம்பும் மாதத்தில் கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைப்பதும் வரித் துறையின் அனுமதிக்காகத்தான்.

சிங்கப்பூர் போவதென்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், கிளம்பும் தேதியைப் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் 182-ஐ எட்டாவிட்டால், அந்த ஆண்டு அவர் வெளிநாடு வாழ்பவராகக் கருதப்படுவார். சிங்கப்பூரில் ஈட்டிய சம்பளத்துக்கு இங்கே வரி வராது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு நவம்பரில் கிளம்பினார். மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளம் முழுவதும் இந்திய வருமானத்தோடு சேர்ந்து 30 சதவீத அடுக்கில் விழுந்தது. சிங்கப்பூரில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது, ஆனால் அது மிகச் சிறிய தொகை. ஏப்ரலில் தொடங்கி எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாட்கள், கிளம்பும் நாளும் அதில் எண்ணப்படலாம். இரண்டு வாரம் இடைவெளி விட்டு, செப்டம்பர் நடுவில் டிக்கெட் எடுங்கள். பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வந்து போகும் நாட்களும் அந்த 182-க்குள் அடங்கும் என்பதை மறக்காமல், அதற்குத் தக்கபடி இன்னும் முன்னதாகவே கிளம்புங்கள்.